முப்பத்தெட்டாவது உருவம்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை 7.40. வெப்பம் பதினொரு பாகை. வானத்தில் ஒரு முகிலும் இல்லை. மேற்கிலிருந்து மெல்லிய காற்று. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பாலைவனத்தில், ஒரு குன்றின் அடிவாரத்தில், எட்டுப் பேர் நின்ற வரிசையில் நான் ஏழாவது ஆள். தோள்பையில் நான்கு தண்ணீர்ப் போத்தல், இரண்டு வாழைப்பழம், ஒரு கொப்பி, ஒரு பேனை. சட்டைப் பையில் ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். அந்தப் பொட்டலத்தால்தான் எல்லாம் வந்தது என்பதால் அதை இப்போதே சொல்லிவைக்கிறேன்.

எனக்கு வயது எழுபத்து நான்கு. லண்டனில், சட்டன் என்ற பகுதியில் இருக்கிறேன். ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் பன்னிரண்டு வருடம் படவரைஞர். இங்கே வந்தபின் ஒரு பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடம் நேர அட்டவணை பார்த்தேன். எண்ணுவது எனக்கு முதலில் தொழிலாக இருந்தது, ஓய்வுபெற்ற பிறகு வியாதியாகிவிட்டது என்பது என் மனைவியின் கட்சி. எங்கள் வீட்டு மாடிப்படி பதின்மூன்று. அது பதின்மூன்றுதானா என்று இப்போதும் சில நாள் எண்ணிப் பார்ப்பேன்.

என் மகள் தாதி. இரண்டு வருட ஒப்பந்தத்தில் அரிசோனாவில் ஒரு சிறு நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருந்தாள். என்னைப் பதினெட்டு நாளுக்கு வரச்சொன்னாள். மனைவிக்கு முழங்கால் வருத்தம், அவ்வளவு நேரம் விமானத்தில் இருக்க ஏலாது. என்னை அனுப்பும்போது கோயில் திருநீற்றைக் கொஞ்சம் காகிதத்தில் மடித்துத் தந்து, "வெறும் நெத்தியோடை திரியாதையுங்கோ" என்றாள். பொட்டலம் அதுதான்.

அந்த ஆஸ்பத்திரியில் கோப்புகள் பார்க்கும் பிரிவில் ஒரு பெண் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். அந்த மண்ணின் ஆதிக்குடிகளைச் சேர்ந்தவர். மகளுக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே சிநேகிதி. வேலையில்லாத நாட்களில் அவர், தன் முன்னோர் பாறையில் செதுக்கிவைத்த உருவங்களைக் காட்ட, ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்கு மேல் இல்லாமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். மகள் கேட்டு எங்கள் இருவருக்கும் இடம் வாங்கியிருந்தாள். மற்ற ஆறு பேரும் எங்களுக்குத் தெரியாதவர்கள்.

புறப்படுமுன் அவர் மூன்று விதி சொன்னார். பாதையை விட்டு விலகக் கூடாது. ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது. பாறையில் கை வைக்கக் கூடாது. பிறகு, குரலை உயர்த்தாமல் இன்னொன்றும் சொன்னார். அதை என் தமிழில் தருகிறேன்: "இந்தப் பாதையைத் திறக்க எங்கள் பெரியவர்களிடம் நான்கு வருடம் கேட்டேன். போன ஒக்டோபரில்தான் சம்மதித்தார்கள். நாங்கள் எல்லாரும் எப்போதோ செத்துப்போனவர்கள் என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். நான் உயிரோடு நின்று இதைக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. ஒரு ஆள் ஒரு பிழை விட்டாலும் பாதையை மூடிவிடுவார்கள். மூடுவது சரி என்றுதான் நானும் சொல்வேன்."

மகள் என் காதருகே குனிந்தாள்.

"அப்பா, கேட்டதுதானே? கை ரெண்டும் பொக்கற்றுக்கை."

"நான் என்ன சின்னப்பிள்ளையே?"

"சின்னப்பிள்ளை எண்டா எனக்குப் பயமில்லை."

நடந்தோம். மேலே போய்ச்சேர இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு அடி, என் காலடிக் கணக்கில். ஏற்றம் அதிகமில்லை, ஆனால் சரளைக்கல் வழுக்கியது. கள்ளிச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் நின்றன. எனக்கு மூச்சு வாங்கியதால் அந்தப் பெண் தன் நடையைக் குறைத்து என்னோடு வந்தார். லண்டனில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். வெள்ளிக்கிழமைகளில் சட்டனில் இருந்து ரயில் மாறி ஆர்ச்வேப் பக்கத்துக் கோயிலுக்குப் போவேன், பதினொரு வருடமாக அங்கே தொண்டு செய்கிறேன் என்றேன். மூலஸ்தானத்துக்கு முன்னால் ஒரு கயிறு கட்டியிருக்கும். கயிற்றைத் தாண்டி ஐயரைத் தவிர எவரும் போகக் கூடாது. சனம் நெருக்கும்போது அந்தக் கயிற்றடியில் நின்று மறிப்பது என் பொறுப்பு. ஒருமுறை கோயில் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர் படம் எடுக்கக் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே கால் வைத்தார். நான் போட்ட சத்தத்தில் மனிசன் சப்பாத்தைக்கூடச் சரியாகக் கட்டாமல் வெளியே போய்விட்டார். அதையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே வேலைதான் செய்கிறோம்" என்றார்.

அந்த வார்த்தையில் நான் குளிர்ந்துபோனேன். மிச்ச ஏற்றத்தில் மூச்சு வாங்கியதே தெரியவில்லை.

8.35க்கு மேலே வந்தோம். இரட்டைத் தட்டு பஸ் ஒன்றின் பக்கவாட்டளவு பெரிய பாறை. கரும்பழுப்பு நிறம். அதன்மேல் கொத்திக் கொத்தி வெளிர் நிறத்தில் உருவங்கள். வளைந்த கொம்புள்ள ஆடுகள், சுருள் வட்டங்கள், கை விரித்த மனிதர்கள். பாறைக்கு ஆறடி முன்னால் சின்னக் கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அதுதான் எல்லை. எட்டுப் பேரும் அதற்கு இப்பால் வரிசையாக நின்றோம். காலை வெயில் சரிவாக விழுந்ததில் ஒவ்வொரு கொத்தும் தனித்தனியாகத் தெரிந்தது.

நான் கேட்ட முதல் கேள்வி, மொத்தம் எத்தனை உருவம் என்பது.

"எண்ணியதில்லை" என்றார்.

எனக்கு அது விளங்கவில்லை. எண்ணி வைக்காமல் எப்படிக் காவல் காக்கிறீர்கள், ஒன்று குறைந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"உங்கள் வீட்டு ஆட்களை நீங்கள் தினமும் எண்ணியா பார்க்கிறீர்கள்?"

"எண்ணுவார்" என்று மகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கொப்பியைத் திறந்தேன்.

மேலே இடது மூலையிலிருந்து தொடங்கினேன். இரண்டு தரம் எண்ணினேன். இரண்டு தரமும் முப்பத்தேழு. ஆனால் வலது பக்கம் கீழே, முழங்கால் உயரத்தில், மங்கலாக ஏதோ ஒன்று இருந்தது. நீளமான ஒரு கோடு, அதன் தலைப்பில் இலை போல ஒரு விரிவு. வேல் மாதிரி இருந்தது. உருவம் என்றால் முப்பத்தெட்டு. பாறை வெடிப்பு என்றால் முப்பத்தேழு. எல்லைக் கல்லுக்கு இப்பால் நின்று எந்தப் பக்கம் சரிந்து பார்த்தாலும் பிடிபடவில்லை. 9.30 ஆனபோது வெயில் நேராக அடிக்கத் தொடங்கி, இருந்த கோடும் மங்கிப்போயிற்று.

மற்றவர்கள் இறங்கத் தொடங்கினார்கள். முதல் வளைவில் ஒரு பெண் சறுக்கிக் காலைப் பிரட்டிவிட்டார். சத்தம் கேட்டு மகள் ஓடினாள். வழிகாட்டிப் பெண்ணும் இரண்டடி வைத்தவர், திரும்பி என்னைப் பார்த்தார். "நீங்கள் இங்கேயே நில்லுங்கள். பத்து நிமிடத்தில் வருகிறேன். யாராவது மேலே வந்தால் கற்களைத் தாண்ட விடாதீர்கள்" என்றார். போகும்போது சிரித்தபடி, "உங்களுக்குப் பழக்கமான வேலை" என்றார்.

நான் காவலுக்கு நின்றேன்.

எத்தனை நேரம் நின்றேன் என்பதும் தெரியும். இரண்டு நிமிடம். மூன்றாவது நிமிடம் கல் வரிசையைத் தாண்டினேன்.

நில அளவைத் திணைக்களத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பழைய எல்லைக் கற்களில் வெட்டிய இலக்கங்கள் மழையில் தேய்ந்து வாசிக்க ஏலாமல் இருக்கும். கொஞ்சம் சாம்பலை அள்ளி மேலே தூவித் தட்டிவிட்டால், பள்ளத்தில் சாம்பல் தங்கி இலக்கம் வெள்ளையாக எழும்பும். நூற்றுக்கணக்கான கற்களுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. கை வைக்கக் கூடாது என்றுதானே விதி, நான் கை வைக்கவில்லை, சாம்பல்தானே படுகிறது என்று மனம் நியாயமும் சொல்லிற்று. படித்தவனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்.

குந்தி இருந்து திருநீற்றைத் தூவினேன்.

வெடிப்பு. வெறும் வெடிப்பு. இலை போலத் தெரிந்தது ஒரு பொருக்கு உதிர்ந்த இடம்.

எழும்புவதற்குள் காற்று ஒருமுறை திரும்பி வீசியது. காகிதத்தில் மிச்சமிருந்ததெல்லாம் பறந்து பக்கத்தில் இருந்த ஆட்டிலும் சுருள் வட்டத்திலும் படிந்தது. அந்த நேரம் கையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றிருந்தால் பாதிப் பிழையோடு போயிருக்கும். பயத்தில் போத்தலைத் திறந்து தண்ணீரை ஊற்றினேன். திருநீற்றில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று ஐம்பது வருடமாக நெற்றியில் குழைத்துப் பூசுகிறவனுக்குத் தெரியாதா? களியாகி வழிந்தது. ஒரு ஆடு, ஒரு வட்டம், இரண்டு மனிதர், நான்கு உருவங்களின் மேலாக வெள்ளை வெள்ளையாக இறங்கியது. கைலேஞ்சியை எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கக் கொத்துகளின் பள்ளத்துக்குள் அது இன்னும் ஆழமாகப் போனது. பாலைவன வெயில், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காயத் தொடங்கிவிட்டது.

பதினோராவது நிமிடம் அவர் வந்தார். பின்னால் மகள்.

அவர் சத்தம் போடவில்லை. நான் அந்த வெள்ளைக்காரர் மேல் போட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டிருந்தால் எனக்கு இன்றைக்குச் சுகமாக இருந்திருக்கும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பாறைக்கு முன்னால், எல்லைக்கு இப்பால் நின்று, தன் மொழியில் ஏதோ மெதுவாகச் சொன்னார். பிறகு என்னிடம், "அது என்ன?" என்று கேட்டார்.

"திருநீறு. எங்கள் கோயிலில் தருவது."

"ஏன்?"

என் வாயில் வந்தது இதுதான்: "கும்பிட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "கும்பிட்டீர்களா?"

"ஓம்" என்று தமிழில் சொல்லி, பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

அவர் முகம் கொஞ்சம் இளகியது. அந்த இளக்கத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு, "இறங்குவோம்" என்றார். இறங்கும்போதும் சறுக்கலான இடங்களில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு இறங்கும் வழியில் நான் காலடி எண்ணவில்லை.

மகள்தான் கார் ஓட்டினாள். பெரிய தெருவுக்கு ஏறிய பிறகு, வீதியைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, கும்பிடேக்கை கொப்பியைத் திறந்தே வைச்சிருக்கிறனீங்கள்?"

கொப்பி எல்லைக்கல் மேல் விரிந்து கிடந்ததை அவள் கண்டிருக்கிறாள். பேனையும் அதன்மேல். முப்பத்தேழு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

"அவ இண்டைக்கே பெரியாக்களுக்குச் சொல்லவேணும். மறைக்க மாட்டா. ஆனா, ஒரு வயசுபோன மனிசன் கும்பிட்டவர், தெரியாமல் செய்திட்டார் எண்டு உங்களுக்காகக் கதைப்பா. நீங்கள் சொன்னதை நம்பி."

"இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. நீங்கள்தான் கணக்குப் பிழைக்காத ஆள்."

அப்போதே காரைத் திருப்பச் சொல்லியிருக்கலாம். இருபத்து மூன்று மைல்தான். சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் பாதையை மூடிவிட்டார்கள். அவருக்குக் கொடுத்த அனுமதியையும் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அவர் என் சார்பில் பேசியிருக்கிறார். கும்பிட்டான் என்றால், கும்பிடலாமா என்று முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னாராம். மகளும் அவரும் அதே ஆஸ்பத்திரியில்தான் தொடர்ந்து வேலை செய்தார்கள். கோப்பு வேண்டும் என்றால் கேட்பார்கள், கொடுப்பார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மகள் தனியே போனாள். நான் மிச்ச நாட்களை அவள் வீட்டுக்குள்ளேயே கழித்துவிட்டு லண்டன் திரும்பினேன்.

மனைவியிடம் முழுக்கச் சொன்னேன். அவள் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு, "நான் நெத்திக்கெண்டு தந்தது" என்றாள். பிறகு மிச்ச வெங்காயத்தை வெட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் கயிற்றடியில் நின்றேன். நல்ல சனம். பூசை நேரம் ஒரு இளந்தாய், பிள்ளைக்குச் சாமியைக் காட்ட வேண்டும் என்ற அவசரத்தில் கயிற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். வழக்கமாக "தங்கச்சி, பின்னுக்கு" என்று என் குரல்தான் முதலில் போகும். அன்றைக்கு வரவில்லை. பதினொரு வருடம் அந்தக் கயிற்றில் கை வைத்தபடி நின்றிருக்கிறேன். சனமே இல்லாத மத்தியானங்களில் தனியாகவும் நின்றிருக்கிறேன். ஒருநாளாவது அந்தக் கயிற்றைத் தாண்டி உள்ளே போய், சுவாமியின் பீடத்தில் எத்தனை தாமரை இதழ் என்று எண்ணிப் பார்க்க நினைத்ததுண்டா? தூரத்தில் நின்று பார்த்தால் போதும் என்று என் சாமிக்குக் கொடுத்த மரியாதையை, நடந்து போய்ச்சேர்ந்த இன்னொருத்தர் வாசலில் என்னால் பதினொரு நிமிடத்துக்குக் கொடுக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற தொண்டர் என்னைத் தட்டி, "அண்ணை, என்ன யோசினை? கயிறு போகுது" என்றார். அப்போதுதான் என் கைகள் கயிற்றை விட்டிருந்ததைக் கண்டேன்.

அன்றிரவே அந்த வழிகாட்டிப் பெண்ணுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நான்கு தரம் எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் எப்படியோ பக்தி வந்து ஒட்டிக்கொண்டது. ஐந்தாவதில் உள்ளதை எழுதினேன். நான் கும்பிடவில்லை. ஒரு உருவமா, வெடிப்பா என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது. என் கொப்பியில் ஒரு எண்ணை எழுதி முடிக்க உங்கள் பாறையில் சாம்பல் போட்டேன், பிறகு உங்களிடம் பொய் சொன்னேன். இதை உங்கள் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். சுத்தம் செய்ய என்ன செலவானாலும், எத்தனை பேருடைய கூலியானாலும், நான் தருகிறேன். என்னிடம் ஓய்வூதியச் சேமிப்பு இருக்கிறது என்று தொகையையும் எழுதினேன்.

நாற்பத்து நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. ஒரு தாள், கையெழுத்து. அவர் எழுதியிருந்தது இது: பெரியவர்களுக்கு வாசித்தேன். பாதை மூடித்தான் இருக்கும். என் மாமாவும் நானும் ஆறு காலைப் பொழுதுகள் போய்க் கழுவினோம். மூன்று உருவங்கள் பழையபடி வந்துவிட்டன. ஆட்டின் முதுகில் நீங்கள் துடைத்த இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கோடு நிற்கிறது, அது போகாது. பிறகு ஒரு வரி இடைவெளி விட்டு இப்படி எழுதியிருந்தார்: "அந்த மூலையில் இருப்பது வெடிப்பு. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்."

தாளின் அடியில் செலவு. காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு கலன். மென்மையான தூரிகை ஒன்று. ஆறு நாள் கூலி எங்கே என்று மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். அவள் போய் விசாரித்துவிட்டு வந்து சொன்னாள்: சொந்த வீட்டு ஆட்களைக் கழுவித் துடைக்க மாமா கூலி வாங்குவதில்லையாம். கூடுதலாக அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அவள் அதை விசாரிக்க அந்தப் பெண்ணோடு ஐந்து நிமிடம் கதைத்திருக்கிறாள் என்பதை நான் கவனித்தேன். அதைக் கேட்டு ஆறுதல்படக்கூட எனக்கு உரிமை இல்லை என்று பட்டது.

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் கயிற்றடியில்தான் நிற்கிறேன். யாராவது தாண்ட வந்தால் கையால் மெல்ல மறிக்கிறேன், சத்தம் போடுவதில்லை. ஒரு பெண் நான்கு வருடம் கேட்டு வாங்கிய பாதையை மூடவைத்து, ஒரு ஆட்டின் முதுகில் என்றைக்கும் போகாத கோட்டையும் இழுத்துவிட்டு வந்தவனிடம் அவர்கள் எடுத்துக்கொள்ளச் சம்மதித்த முழுத்தொகை பதினொரு டொலர் அறுபது சதம்.